சிசிஎன்ஏ தேர்வுக்கு எதை வைத்துப் படிப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக வேலை போக, சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேருக்கு நெட்வொர்க்கிங் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாடத்தைப் பற்றிய சந்தேகங்களைவிட, எதை வைத்துப் படிப்பது, எதற்குப் பணம் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்ற கேள்விகளே ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். இவை, நெட்வொர்க் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏ, அதாவது 200-301 என்ற எண்ணுள்ள தேர்வைப் பற்றியவை.

சார், சிசிஎன்ஏ எழுதலாம்னு இருக்கேன். முதல்ல எந்த புக் வாங்கணும்?

முதல் வாரத்தில் எதையும் வாங்க வேண்டாம். இத்தேர்வில் எவையெல்லாம் கேட்கப்படும் என்ற தலைப்புப் பட்டியலைச் சிஸ்கோ தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சில பக்கங்களே உள்ள அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, வாங்கப்போகும் நூல், பார்க்கப்போகும் காணொளி, சேரப்போகும் வகுப்பு ஆகிய அனைத்தையும் அதனோடு ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். மளிகைச் சீட்டு எழுதாமல் கடைக்குப் போனால் பை நிறையும். சமையலுக்கு வேண்டியது மட்டும் இருக்காது.

தேர்வைப் பற்றிய அடிப்படை விவரங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர், வரி தனி. எழுதுவதற்கு முன்தகுதி எதுவும் கிடையாது. பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனத்தின் மையத்திலோ வீட்டிலிருந்து கண்காணிப்புடனோ எழுதலாம். தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

அந்த லிஸ்டைப் பார்த்தேன், ஒண்ணும் புரியல. அதை எப்படிப் படிக்கிறது?

பட்டியலில் ஆறு பகுதிகள் உள்ளன. நெட்வொர்க் அடிப்படைகளுக்கு 20 விழுக்காடு, ஸ்விட்ச்சும் (ஒரே நெட்வொர்க்கிலுள்ள கணினிகளை இணைக்கும் கருவி) வயர்லெஸ்ஸும் அடங்கிய நெட்வொர்க் அணுகலுக்கு 20, ரவுட்டிங்கை (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழி காட்டுவது) கொண்ட ஐபி இணைப்புக்கு 25, ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10 என்று எடை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பலர் இந்த எண்களை மட்டும் பார்த்துவிட்டுப் பட்டியலை மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருக்கும் வினைச்சொல்லை.

சில வரிகள் ‘கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை’ என்று தொடங்கும். கருவியில் நீங்களே அமைத்து, அது சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கவும் தெரிய வேண்டும் என்பது அதன் பொருள். வீலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), டிரங்க் (பல வீலான்களைச் சுமக்கும் இணைப்பு), ஈதர்சேனல், நிலையான ரவுட்டிங், ஒரே ஏரியா கொண்ட ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தாங்களே வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை), நாட் (முகவரி மாற்றம்), என்டிபி, ஏசிஎல், டிஹெச்சிபி ஸ்னூப்பிங், போர்ட் செக்யூரிட்டி போன்றவை இந்த வகை. ‘இன்டர்பிரெட்’ என்று தொடங்கினால், திரையில் தெரிவதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். ரவுட்டிங் டேபிளும் ரேபிட் பிவிஎஸ்டி பிளஸ்ஸும் அப்படி. ‘டிஸ்கிரைப்’, ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘கம்பேர்’ என்று தொடங்குபவற்றுக்குக் கருத்து தெரிந்தால் போதும்.

மூன்று நிறப் பேனாக்களை எடுத்து இந்த மூன்று வகைகளையும் அடிக்கோடிடுங்கள். முதல் வகைக்கு லேப்பும் (கருவிகளில் கட்டளைகளைத் தட்டிப் பழகும் பயிற்சி), இரண்டாம் வகைக்குக் கருவிகளின் வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் பொருளும், மூன்றாம் வகைக்கு நல்ல நூலோ காணொளியோ வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் ஹெச்எஸ்ஆர்பி (ஒரு ரவுட்டர் நின்றால் இன்னொன்று அதன் வேலையை ஏற்கும் முறை) கட்டளைகளை இரண்டு வாரம் மனப்பாடம் செய்திருந்தார். பட்டியலிலோ அந்த வரி ‘டிஸ்கிரைப்’ என்றுதான் தொடங்குகிறது. அதே நபருக்கு, அமைக்கத் தெரிந்தே ஆக வேண்டிய நாட் அமைப்பை ஒருமுறைகூடத் தட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

எக்ஸாம்ல கமாண்ட் அடிக்கச் சொல்வாங்களா, இல்ல ஏ பி சி டி மட்டும்தானா?

இரண்டும் உண்டு. விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும், இழுத்துப் பொருத்தும் கேள்விகளும், கருவிகளின் திரையைத் திறந்து கொடுத்து இதை அமைத்துக் காட்டு என்னும் லேப் கேள்விகளும் வரும். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்ப வர முடியாது என்பதால், கடினமானதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பள்ளித் தேர்வுப் பழக்கம் இங்கே உதவாது.

ஆகவே படிக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே, அதில் உங்கள் விரல்கள் வேலை செய்யும் பகுதி எவ்வளவு என்று பாருங்கள். ஓஎஸ்பிஎஃப் என்றால் என்ன என்று பத்துப் பக்கம் எழுதத் தெரிந்தவர், 0.0.0.31 என்ற வைல்ட்கார்டு மாஸ்க்கை எங்கே தட்ட வேண்டும் என்று கர்சரைப் பார்த்துக்கொண்டே ஆறேழு நிமிடங்களை இழந்ததை நான் மாதிரித் தேர்வில் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் படிச்ச பழைய சிசிஎன்ஏ புக் வீட்ல இருக்கு. அதையே வச்சுப் படிக்கலாமா?

அட்டையில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 200-125, 100-105, 200-105 ஆகிய எண்கள் இருந்தால் அவை 2020 பிப்ரவரியோடு முடிந்துபோன தேர்வுகளுக்கானவை. 2020 பிப்ரவரி 24 முதல் 200-301 நடப்பில் இருக்கிறது. பழைய நூல்களில் ஆர்ஐபி, இஐஜிஆர்பி, பிபிபி ஆகிய நெறிமுறைகளுக்குப் பல அத்தியாயங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். இன்றைய பட்டியலில் அவற்றை அமைக்கச் சொல்லும் வரிகள் இல்லை. மாறாக, வயர்லெஸ் கன்ட்ரோலர், ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்), ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) போன்றவை அந்த நூல்களில் இல்லை, அல்லது பெயரளவில் இருக்கும்.

எண் 200-301 என்றே இருந்தாலும் பதிப்பைப் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 20 முதல் 1.1 பதிப்பு நடைமுறைக்கு வந்தது. அதில் ஆட்டோமேஷன் கருவிகளான பப்பெட்டும் செஃப்பும் நீங்கி டெராஃபார்ம் வந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு வரி சேர்ந்தது. ஸ்விட்ச்சுகளுக்கிடையே பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வருவதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயில் ரூட் கார்டு, லூப் கார்டு போன்றவை சேர்ந்தன. 1.0 பதிப்புக்கான நூல் கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. விடுபட்ட இந்தச் சில தலைப்புகளை வேறிடத்தில் படித்துக்கொண்டால் போதும். அண்ணனின் புத்தகத்தில் சப்நெட்டிங் (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு) அத்தியாயம் மட்டும் எந்தக் காலத்திலும் பழசாகாது. அதைக் கிழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வேன், அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை என்றால்.

புத்தகம் பெஸ்டா, வீடியோ பெஸ்டா?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, ஒரு தலைப்பை முதலில் காணொளியில் பார்த்துவிட்டு, அதே தலைப்பை நூலில் படிப்பதே எளிது என்பது என் அனுபவம். பாக்கெட் எப்படிப் பயணிக்கிறது, ஸ்விட்ச் எப்படி மேக் முகவரியைக் கற்றுக்கொள்கிறது என்பவற்றைக் கண்ணால் பார்த்தால் சட்டென்று விளங்கும். ஆனால் காணொளி தரும் புரிதல் நம்மை ஏமாற்றக்கூடியது. அவர் தட்டும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும், நம் கைக்கு வரும்போதுதான் ஒன்றும் நினைவுக்கு வராது.

நூல் வாங்குவதென்றால், சிஸ்கோ பிரஸ் வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டி இரண்டு பாகங்களாக வருகிறது. 2024-இல் வெளியான இரண்டாம் பதிப்பு 1.1 பட்டியலுக்கு ஏற்ப எழுதப்பட்டது. விவரம் மிகுதி என்பதே அதன் பலமும் சுமையும். கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து படிக்க முயன்ற பலர் முதல் பாகத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் இருக்கும் சிறு வினாத்தொகுப்பை முதலில் செய்து, தவறியவற்றுக்கு உரிய பக்கங்களை மட்டும் ஊன்றிப் படியுங்கள்.

இலவசக் காணொளித் தொடர்களிலேயே மிகத் தரமானவை உள்ளன. பணம் கட்டினால்தான் நல்ல பாடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தொடர் முழுமையானதா, பட்டியலின் எண்களைச் சொல்லிப் பாடம் நடத்துகிறாரா, ஒவ்வொரு பாடத்துக்கும் லேப் கோப்பு தருகிறாரா என்ற மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு நூல், ஒரு காணொளித் தொடர், ஒரு லேப் என்று வைத்துக்கொண்டு முடிப்பவர்கள்தான் தேர்வு மையம் வரை போகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஐந்நூறு ஜிபி பாடங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அடுத்த ஆண்டும் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

லேப்புக்கு பாக்கெட் டிரேசர் மட்டும் போதுமா?

சிசிஎன்ஏ-வுக்குப் போதும். ரவுட்டர், ஸ்விட்ச்சுகளைக் கணினித் திரையிலேயே வைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் மென்பொருள் அது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் ஒரு கணக்குத் தொடங்கினால் அது இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடும். முதல் வகை வரிகள் என்று மேலே இரண்டாம் கேள்வியில் சொன்ன ஏறக்குறைய அனைத்தையும் அதில் செய்து பார்க்கலாம்.

குறிப்பாக வயர்லெஸ். வரைகலைத் திரையின் வழியே டபிள்யூபிஏ2 கடவுச்சொல்லுடன் ஒரு வயர்லெஸ் நெட்வொர்க்கை அமைக்கத் தெரிய வேண்டும் என்று பட்டியல் சொல்கிறது. வீட்டில் வயர்லெஸ் கன்ட்ரோலர் வைத்திருப்பவர் யார்? பாக்கெட் டிரேசரில் கன்ட்ரோலர் கருவி இருக்கிறது. ஒரு கணினியை அதனோடு இணைத்து, பிரவுசரில் முகவரியைத் தட்டினால் கன்ட்ரோலரின் திரை திறக்கும். இந்தப் பகுதியை நேரமில்லை என்று விட்டுவிடுபவர்கள் மிகப் பலர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் முடிந்துவிடும் வேலை அது.

பாக்கெட் டிரேசர்ல ஒழுங்கா ஓடுது. ஆபீஸ்ல அதே கமாண்ட் அடிச்சா ரிஜெக்டட்னு வருதே?

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பி, பாக்கெட் டிரேசரில் 2960 என்ற வகை ஸ்விட்ச்சில் பழகியவர். அதில் ‘ஸ்விட்ச்போர்ட் மோட் டிரங்க்’ என்று தட்டினால் போர்ட் உடனே டிரங்காக மாறிவிடும். அலுவலகத்தில் இருந்ததோ 3560. அந்த வகை ஸ்விட்ச்சுகளுக்கு 802.1கியூ என்ற இன்றைய டிரங்க் முறை தவிர ஐஎஸ்எல் என்ற பழைய முறையும் தெரியும். இரண்டில் எது என்று சொல்லாமல் டிரங்க் ஆக்கச் சொன்னால், என்கேப்சுலேஷன் ‘ஆட்டோ’ என்று இருக்கும்போது முடியாது எனக் கட்டளையை மறுத்துவிடும். முதலில் ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் என்கேப்சுலேஷன் டாட்1கியூ’ என்று தட்டிவிட்டு, பிறகு டிரங்க் ஆக்க வேண்டும். 2960-க்கு ஐஎஸ்எல் தெரியாது என்பதால், இந்த முதல் கட்டளையே அதில் இல்லை.

பாக்கெட் டிரேசரின் மேல் பழி போட முடியாது. அதிலுள்ள 3560-ஐ எடுத்திருந்தால் அன்றே இந்தப் பிழையைச் சந்தித்திருப்பார். எனினும், அது சிஸ்கோ கருவிகளை இயக்கும் உண்மையான ஐஓஎஸ் மென்பொருளை ஓட்டுவதில்லை, அதைப் போல நடித்துக் காட்டுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சில ‘ஷோ’ கட்டளைகளும் பல ‘டீபக்’ கட்டளைகளும் அதில் கிடையாது. லேப் நூல் ஒன்று ஒரு கட்டளையைச் சொல்லி, அது உங்களிடம் வேலை செய்யவில்லை என்றால், நூல் தவறு என்று முடிவு கட்டுவதற்கு முன் கேள்விக்குறியைத் தட்டி, அந்தக் கருவியில் அக்கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். கேள்விக்குறியைத் தட்டும் இந்தப் பழக்கம் மனப்பாடத்தைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

அப்போ ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஎம்எல் எல்லாம் எதுக்கு?

உண்மையான ஐஓஎஸ் மென்பொருளைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்க. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜியின் சமூகப் பதிப்பு ஆகிய இரண்டும் இலவசம். ஆனால் சிஸ்கோவின் மென்பொருள் படிமம் (ஐஓஎஸ் அடங்கிய கோப்பு) அவற்றோடு வராது, உரிமத்துடன் நீங்களே பெற்று ஏற்ற வேண்டும். எங்கோ கிடைத்த கோப்பை இறக்கி ஏற்றுவதுதான் இங்கே பரவலாக நடக்கிறது. உரிமச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அந்தக் கோப்புக்குள் வேறு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாதுகாப்புப் படிக்கப் போகிறவர் அப்படித் தொடங்குவது பொருத்தமாக இல்லை.

சிஎம்எல் சிஸ்கோவின் சொந்தத் தயாரிப்பு. படிமங்கள் அதனோடு முறைப்படி வருகின்றன. 2.8 பதிப்பிலிருந்து, ஒரே நேரத்தில் ஐந்து கருவிகள் வரை ஓட்டக்கூடிய இலவச வகை ஒன்றும் இருக்கிறது. மூன்று ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச் என்றால் சிசிஎன்ஏ லேப்புகளில் பாதிக்கு மேல் அடங்கிவிடும். ஆனால் மெய்நிகர் இயந்திரமாக ஓடுவதால் குறைந்தது எட்டு ஜிபி நினைவகத்தை அதற்கென்று ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த வசதி இல்லாதவர்கள் பாக்கெட் டிரேசரோடு நின்றுகொள்வதால் எதையும் இழந்துவிடமாட்டார்கள்.

ரிச்சி தெருவில பழைய ரவுட்டர், ஸ்விட்ச் வாங்கி வீட்ல லேப் போடலாமா?

ஆசையாக இருந்தால் ஒரே ஒரு ஸ்விட்ச் வாங்குங்கள், 2960 போதும். கன்சோல் கேபிளைச் செருகி, 9600 வேகத்தில் டெர்மினலைத் திறந்து, ஸ்விட்ச் எழுந்து வரும்போது வரிகள் ஓடுவதைப் பார்ப்பது எந்த மென்பொருளும் தராத அனுபவம். யூஎஸ்பி-யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிளையும் சேர்த்து வாங்க வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் துளை இல்லை.

ரவுட்டர்களை அடுக்கி வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. நான் படித்த காலத்தில் இரண்டு பழைய ரவுட்டர்களை வாங்கினேன். ஒன்றில் முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல் இருந்தது. எழும்போதே பிரேக் விசையை அழுத்தி, ராம்மான் என்ற மீட்பு நிலைக்குப் போய், ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் பதிவேட்டு எண்ணை 0எக்ஸ்2142 என்று மாற்றிக் கடவுச்சொல்லைக் கடந்துவிட்டேன். அந்தப் பெருமையில், எண்ணைப் பழையபடி 0எக்ஸ்2102 ஆக்க மறந்துபோனேன். 2142 என்று இருந்தால் ரவுட்டர் எழும்போது சேமித்த அமைப்பைப் படிக்காது. தினமும் மணிக்கணக்கில் அமைத்து, முறையாகச் சேமித்து, அணைத்துவிட்டுத் தூங்குவேன். மறுநாள் ரவுட்டர் வெறுமையாக நிற்கும். நினைவகம் கெட்டுவிட்டது என்று விற்றவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். மூன்றாம் நாள்தான் ‘ஷோ வெர்ஷன்’ கட்டளையின் கடைசி வரியைப் பார்த்தேன். பாடம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த ரவுட்டர்களின் விசிறி இரைச்சலில் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

கம்ப்யூட்டர் இல்ல சார், போன் மட்டும்தான் இருக்கு. முடியுமா?

கருத்துகளும் சப்நெட்டிங்கும் போனிலும் காகிதத்திலும் முடியும். லேப்புக்குத் தட்டச்சுப் பலகை தேவை. கல்லூரியில் இருப்பவர்கள், தங்கள் கல்லூரி நெட்வொர்க்கிங் அகாடமியில் இணைந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகள் இணைந்திருக்கின்றன. அங்குள்ள மூன்று பாடத்தொகுப்புகளும் சேர்ந்து சிசிஎன்ஏ பட்டியலைத் தழுவியவை, லேப் கோப்புகளும் உடன் உள்ளன. அது இல்லையென்றால், வாரத்தில் இரண்டு மாலை யாருடைய கணினியாவது கிடைத்தாலும் போதும். லேப்பைக் காகிதத்தில் முன்பே எழுதிக்கொண்டு போய் உட்காருங்கள்.

சப்நெட்டிங் வரவே மாட்டேங்குது. அதுக்கு நல்ல ஆப் எது?

ஆப் வேண்டாம், நோட்டும் பென்சிலும் போதும். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. வீட்டிலிருந்து எழுதினால் காகிதமும் அனுமதிக்கப்படாது. ஆகவே விடையைச் சொல்லிவிடும் ஆப் எதுவும் உங்களைத் தயார்ப்படுத்தாது. கேள்விகளை மட்டும் உருவாக்கித் தரும் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

172.16.35.123, முன்னொட்டு 20 (முகவரியின் முதல் 20 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும்) என்று வைத்துக்கொள்வோம். இருபதாவது பிட் மூன்றாம் எண்ணில் விழுகிறது. அங்கே மாஸ்க் 240, எனவே தாவல் 256-இலிருந்து 240 போக 16. பதினாறாம் வாய்பாட்டில் 35-ஐத் தாண்டாத எண் 32, அடுத்தது 48. ஆகவே நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255, இடையில் 4094 முகவரிகள். நம் ஊர்ப் பள்ளியில் பதினாறாம் வாய்பாட்டை ஒப்பித்தவர்களுக்கு இது ஒரு நிமிடத்துக்குள் வர வேண்டும். நாளொன்றுக்குப் பத்துக் கணக்கு, மூன்று வாரம். நூல் எதுவானாலும், விளக்கத்தைவிடப் பயிற்சிக் கணக்குகள் அதிகம் உள்ளதாக எடுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வீக். தமிழ்லயே படிச்சா போதுமா?

புரிந்துகொள்வதற்குத் தமிழில் படியுங்கள். தமிழில் விளக்கும் காணொளிகள் நிறையவே உள்ளன. ஆனால் தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் மட்டுமே நடக்கிறது. கட்டளைகளும் பிழைச் செய்திகளும் ஆங்கிலமே. எனவே பயிற்சிக் கேள்விகளையும் லேப் தேவைகளையும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குத் தேவைப்படும் ஆங்கிலம் மிகக் குறைவு. கேள்விகளில் வரும் ‘எக்ஸெப்ட்’, ‘அட் லீஸ்ட்’, ‘மோஸ்ட் ஸ்பெசிஃபிக்’, ‘விச் டூ’ போன்ற சிறு சொற்களில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். இரண்டு விடைகளைத் தேர்ந்தெடு என்பதைக் கவனிக்காமல் ஒன்றோடு நின்றவர்கள் பலர். பயிற்சிக் கேள்வி ஒன்றில் தவறினால், பாடம் தெரியாததாலா, சொல் புரியாததாலா என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். ஒரு மாதத்தில் எந்தப் பக்கம் ஓட்டை என்று தெரிந்துவிடும்.

லேப் மேனுவல்ல இருக்கிற எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டேன். ஆனா தனியா கொடுத்தா கை ஓடலையே?

அந்த மேனுவல் உங்களுக்கு வழி சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ‘முதல் படி இதைத் தட்டு, இரண்டாம் படி அதைத் தட்டு’ என்று எழுதியிருக்கும் நூல் முதல் சுற்றுக்கு மட்டுமே. இரண்டாம் சுற்றுக்கு, ஒரு படமும் தேவைகளும் மட்டும் கொடுத்து, விடையைத் தனிக் கோப்பில் வைத்திருக்கும் லேப்புகளைத் தேடுங்கள். லேப் நூல் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்றாம் சுற்றுக்கு நூலே தேவையில்லை. ஓடும் லேப்பை நீங்களே கெடுக்க வேண்டும், அல்லது நண்பரிடம் கொடுத்துக் கெடுக்கச் சொல்ல வேண்டும். எங்கள் சனிக்கிழமைக் குழுவில் எப்போதும் தடுமாறவைப்பது டிஹெச்சிபி ஸ்னூப்பிங், அதாவது போலி சர்வர்கள் கணினிகளுக்கு முகவரி கொடுப்பதைத் தடுக்கும் ஸ்விட்ச் வசதி. அதை இயக்கியதும் கணினிக்குச் சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காமல், அது தானே போட்டுக்கொள்ளும் 169.254 என்ற முகவரி வந்து நிற்கும். சர்வர் இருக்கும் பக்கத்து போர்ட்டை நம்பத்தகுந்தது என்று அறிவிக்காததே காரணம் என்று எல்லோரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதைச் சரிசெய்த பிறகும் முகவரி வராது. ஸ்விட்ச் தன் பங்குக்கு ஆப்ஷன் 82 என்ற குறிப்பைச் சேர்த்து அனுப்புகிறது. இடையில் கோரிக்கையைக் கடத்தும் கருவியைக் குறிக்கும் ரிலே முகவரி காலியாக இருக்க அந்தக் குறிப்பு மட்டும் இருப்பதைப் பார்த்து, சர்வராக இருக்கும் ரவுட்டர் அந்தப் பாக்கெட்டைக் கைவிட்டுவிடுகிறது. ‘நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்’ என்று ஸ்விட்ச்சில் தட்டினால் முகவரி வந்துவிடும். வழிநடத்தும் மேனுவலில் இந்தக் கட்டளை நான்காவது வரியாக, காரணம் சொல்லப்படாமல் இருக்கும். தட்டிவிட்டு நகர்ந்தவருக்கு அப்படி ஒரு சிக்கல் இருந்ததே தெரியாது.

ஆட்டோமேஷன் இருக்குன்னு சொல்றாங்க. பைதான் தனியா கோர்ஸ் சேரணுமா?

வேண்டாம். மேலே சொன்ன வினைச்சொல் சோதனையை இந்தப் பகுதிக்குப் போட்டுப் பாருங்கள். ‘கான்ஃபிகர்’ என்ற சொல்லே இங்கே இல்லை. ஜேசன் வடிவத் தரவைப் பார்த்து அதன் பகுதிகளை அடையாளம் காணவும், ரெஸ்ட் ஏபிஐ, ஆன்சிபிள், டெராஃபார்ம் எதற்கு என்று சொல்லவும் தெரிந்தால் போதும். வழிகாட்டி நூலின் அத்தியாயங்களே இதற்குத் தாராளம். பைதான் கற்பது நல்லதுதான், தேர்வு முடிந்த பிறகு.

ஏஐ கிட்ட கேட்டே படிச்சா என்ன?

கருத்துகளை எளிமையாகக் கேட்டுத் தெளிந்துகொள்ளவும், சப்நெட்டிங் கணக்குகளை உருவாக்கித் தரவும் உதவுகிறது. கட்டளைகளில் கவனம் வேண்டும். சிஸ்கோவுக்கே பல இயக்க மென்பொருள்கள் இருப்பதால், ஒன்றின் கட்டளையை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. நிலையான ரவுட்டுக்கு ‘10.1.1.0/24’ என்று சாய்கோடு போட்ட விடை வந்தால் அது டேட்டா சென்டர் ஸ்விட்ச்சுகளின் என்எக்ஸ்-ஓஎஸ் எழுத்துமுறை. ஐஓஎஸ்-இல் 10.1.1.0 என்று எழுதி, 255.255.255.0 என்று மாஸ்க்கை முழுமையாகத் தர வேண்டும். ஓஎஸ்பிஎஃப் அமைக்கும் முன் ‘ஃபீச்சர் ஓஎஸ்பிஎஃப்’ என்று தட்டச் சொன்னாலும் அப்படியே. எந்த விடையையும் லேப்பில் தட்டிப் பார்த்த பிறகே நோட்டில் ஏற்றுங்கள்.

இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்தா சீக்கிரம் பாஸ் பண்ணிடலாமா?

தனியாக உட்கார்ந்து படிக்க வராதவர்களுக்கு வகுப்பு ஓர் ஒழுங்கைத் தரும். சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பாடம் எந்தப் பதிப்புக்கானது; ஒரு மாணவருக்கு ஒரு கணினியில் எத்தனை மணி நேரம் லேப்; வகுப்பு இல்லாத நாளில் லேப்பைப் பயன்படுத்தலாமா. விடை தெளிவாக வந்தால் சேரலாம். ‘நூறு விழுக்காடு தேர்ச்சி உறுதி’ என்ற பலகை தொங்கினால் அடுத்த கேள்வியையும் படித்துவிடுங்கள்.

எல்லாரும் டம்ப்ஸ் வச்சுத்தான் பாஸ் பண்றாங்க. நாங்க மட்டும் ஏன் கஷ்டப்படணும்?

டம்ப்ஸ் என்பது தேர்விலிருந்து கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பு. அதை வைத்து எழுதுபவர்கள் எல்லோரும் அல்ல, ஆனால் பலர் என்பது உண்மை. தேர்வு எழுதும் முன் ஒவ்வொருவரும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். வெளியே கசிந்த கேள்விகளைப் பயன்படுத்துவது அதற்கு எதிரானது. கண்டுபிடிக்கப்பட்டால் மதிப்பெண்ணை ரத்து செய்யவும், மீண்டும் எழுதத் தடை விதிக்கவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. அதோடு, அந்தக் கோப்புகளில் இருக்கும் விடைகளில் தவறானவை ஏராளம். முன்பின் தெரியாத ஒருவர் குறித்துவைத்த விடையை நம்பி 300 டாலரைக் கட்டுகிறீர்கள்.

நான் வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன். மடிக்கணினியைத் திருப்பி வைத்து, ‘இந்த இரண்டு ரவுட்டரும் ஓஎஸ்பிஎஃப் அண்டைகளாகவில்லை, ஏன் என்று பாருங்கள்’ என்பதுதான் என் முதல் கேள்வி. ஹலோ நேரமோ, ஏரியாவோ, மாஸ்க்கோ ஒன்றில் வேறுபாடு வைத்திருப்பேன். லேப்பில் பழகியவர் கண்டுபிடிக்காவிட்டாலும் எங்கே தேடுவது என்று தெரிந்து தேடுவார். டம்ப்ஸ் படித்தவர் கீபோர்டில் கை வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பயிற்சித் தேர்வு வேறு, டம்ப்ஸ் வேறு. ‘உண்மையான தேர்வுக் கேள்விகள்’ என்று விளம்பரம் செய்தால் அது டம்ப்ஸ். ஒவ்வொரு விடையும் ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று விளக்குவது பயிற்சித் தேர்வு. அந்த விளக்கம் இல்லாததற்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஃபெயில் ஆயிட்டேன். இந்த மெட்டீரியல் சரியில்ல போல, வேற வாங்கட்டுமா?

முதலில் மதிப்பெண் தாளை எடுங்கள். ஆறு பகுதிகளுக்கும் தனித்தனியாக விழுக்காடு போட்டிருக்கும். தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சிஸ்கோ வெளியிடுவதில்லை என்பதால், எத்தனை மதிப்பெண்ணில் போனது என்று கணக்குப் போட வேண்டாம். எந்தப் பகுதி மிகக் குறைவு, அதன் எடை எவ்வளவு என்று பாருங்கள். ஐபி இணைப்பில் 40 வாங்கியவரும் ஆட்டோமேஷனில் 40 வாங்கியவரும் ஒரே நிலையில் இல்லை; முன்னதன் எடை 25, பின்னதன் எடை 10.

பிறகு மூன்று நிறத்தில் அடிக்கோடிட்ட அந்தப் பட்டியலைத் திரும்ப எடுத்து, குறைந்த பகுதியில் ‘கான்ஃபிகர்’ வரிகளை மேனுவல் பார்க்காமல் செய்ய முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முடியவில்லை என்றால் பொருளில் குறை இல்லை, மூன்றாம் சுற்று நடக்கவில்லை. முடிகிறது, ஆனால் கேள்விகளில் தவறுகிறது என்றால் விளக்கமுள்ள பயிற்சித் தேர்வு ஒன்றை வாங்கலாம். பட்டியலில் இருக்கும் வரி உங்கள் நூலில் இல்லவே இல்லை என்றால் மட்டும் வேறு நூலைத் தேடுங்கள். தோற்ற நாளுக்கு மறுநாளிலிருந்து ஐந்து நாள் கழித்து மீண்டும் எழுதலாம் என்பது விதி. ஆறாம் நாளே போக வேண்டும் என்று விதியில் இல்லை. என்னிடம் வருபவர்களிடம் ஐந்தாறு வாரம் கழித்துப் பதிவு செய்யச் சொல்கிறேன்.